எதையும் மறக்காதவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? மலேசியாவின் சுங்கை சிப்புட் வாசகர் அனுபவங்கள்

லயத்து வாசகி:

எதையுமே மறக்க முடியாத ஒரு பொண்ணைப் பத்தின இந்த மாத நாவலை எல்லாரும் முடிச்சிருப்பீங்க, அதனால கதையைச் சொல்லல. கல்யாண வீட்டுல அந்தப் பொண்ணு தேதி தேதியா ஒப்பிக்கிற இடம் வந்ததும் புத்தகத்தை மூடி வெச்சிட்டேன். எங்க பெரியம்மா அப்படியேதான். ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டினவங்க, ஆறாம் வகுப்போட படிப்பு நின்னுபோச்சு. எம்.ஜி.ஆர். இறந்தது எப்பன்னு கேட்டா "1987 டிசம்பர் 24, வியாழக்கிழமை"ன்னு வரும். ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடி சரிஞ்சது? "1993 டிசம்பர் 11, சனி." இதெல்லாம் பேப்பர்லயே கிடைக்கும். அன்னைக்கு யார் வீட்டுல என்ன குழம்பு, எந்த மர நெரையில (வரிசையில) மழைத்தண்ணி மங்குல ஏறிப் பால் வீணாச்சுன்னு எந்தப் பேப்பர்ல இருக்கு?

எனக்கு உறுத்துறது ஒரு சாவு வீடு. அத்தை இறந்துட்டாங்க. அவங்களோட சின்னப் பையன் ரொம்ப காலத்துக்கு முன்ன ஈயம் தோண்டின குட்டையில விழுந்து போனவன். ராத்திரி உக்காந்திருந்தப்ப யாரோ பேச்சுவாக்குல "அந்தப் பையன் போனது எந்த வருஷமோ"ன்னாங்க. பெரியம்மா ஆரம்பிச்சிட்டாங்க. தேதி, கிழமை, மேல் பித்தான் இல்லாத அவனோட பள்ளிச் சட்டை, அத்தை அடுப்புல வறுத்துக்கிட்டிருந்த நெத்திலி, சேதி கொண்டாந்தவன் வாசல்ல நின்ன விதம், அத்தை முதல்ல கத்தின வார்த்தை. ஒண்ணு விடல. குரல் ஏறவும் இல்ல, இறங்கவும் இல்ல. செத்த பையனோட அண்ணன் எழுந்து வெளிய போயிட்டார்.

பின்கட்டுக்குக் கூட்டிட்டுப் போய் "ஏன் பெரியம்மா?"ன்னேன்.

"கேட்டாங்களேம்மா" என்றாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு, "நீங்கல்லாம் அதை எப்படி மறந்தீங்க? எனக்கும் சொல்லிக் குடு."

செம்பனைக்காட்டு மருமகன்:

உங்க பெரியம்மா கதையைப் படிச்சதும் எங்க மாமா ஞாபகம்தான் வந்துச்சு. மனைவியோட அப்பா, ரப்பர் தோட்டத்துல கிராணி (குமாஸ்தா). தோட்டம் செம்பனைக்கு (எண்ணெய்ப் பனை) மாறி, அப்புறம் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தையும் இடிச்சு, சனம் ஈப்போ, கிள்ளான்னு சிதறிப் போச்சு. குடியுரிமை கிடைக்காம சிவப்பு ஐசி (அடையாள அட்டை) வெச்சிருந்த ஒரு பொம்பள எங்க வீட்டைத் தேடிக்கிட்டு வந்தாங்க. இங்கதான் பிறந்தேன்னு சொல்ல ஒரு ஆள் வேணும். பிறப்புப் பத்திரம் கிடையாது, மருத்துவச்சியும் போய்ச் சேர்ந்தாச்சு.

மாமா கண்ணை மூடிக்கிட்டார். "மேல் லயம், முதல் கதவு"ன்னு தொடங்கி ஒவ்வொரு கதவுக்கும் பேரு, செக்ரோல் (சம்பளப் பதிவேடு) நம்பர், எத்தனை புள்ளைங்க, எந்த நெரைன்னு வரிசையா வருது. பாதியில என் மனைவி தே ஓ கொண்டாந்து "சீனி போதுமாப்பா"ன்னு கேட்டுட்டா. அவ்வளவுதான், திரும்ப மேல் லயம், முதல் கதவு. நடுவுல இருந்து எடுக்க அவருக்கு வராது. அந்தம்மா அசையாம உக்காந்திருந்தாங்க. கீழ் லயத்துக் கடைசிக்குப் பக்கத்துல வந்து நின்னார். "உங்கம்மாவுக்கு வலி எடுத்தப்ப லோரி இல்ல. கள்ளுக்கடை ஆள் சைக்கிள்ல போயி மருத்துவச்சியக் கூட்டியாந்தான். அன்னைக்குச் சம்பள நாள்."

பேரைச் சொன்னப்ப கூட அந்தம்மா அழல. சம்பள நாள்னதும் உடைஞ்சு போயிட்டாங்க. அவங்கம்மாவும் அதையேதான் சொல்லிக்கிட்டு இருப்பாங்களாம். மறுநாளே மாமா கூடப் போய்ச் சத்தியப் பிரமாணத்துல கையெழுத்துப் போட்டார். நாவல் முழுக்க ஞாபகத்தைச் சாபம் சாபம்னே எழுதியிருக்கு. அது எனக்கு ஒப்பல.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

இருவரும் ஒரே விஷயத்தைச் சொல்வதாக நினைக்கிறீர்கள். இரண்டும் வேறு. என் அனுபவம் சிறியது. தோட்டப் பள்ளியில் ஒரு மாணவன், எண் சொன்னால் குறள், குறள் சொன்னால் எண், 1330ஐயும் ஒப்பிப்பான். பரிசளிப்பு விழாவில் யாரோ "காலையில் என்ன பசியாறினாய்?" என்று கேட்க, மேடையில் விழித்தபடி நின்றான். அந்த முகம் என்னை விட்டுப் போகவில்லை.

மாமா செய்தது இடத்தைப் பிடித்து நடக்கிற முறை. ரஷ்ய உளவியலாளர் லூரியா பல ஆண்டுகள் ஆராய்ந்த ஷெரெஷெவ்ஸ்கி என்பவரும் அப்படித்தான். மாஸ்கோவின் கோர்க்கி தெருவில் மனத்தால் நடந்து, ஒவ்வொரு வாசலிலும் ஒரு சொல்லை வைத்துவிட்டு வருவார். வெள்ளைச் சுவரருகே வைத்த முட்டை கண்ணுக்குப் படாமல் அந்தச் சொல் விட்டுப்போனதும் உண்டு. நம்மவரில் இடலாக்குடி செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில், ஒரே நேரத்தில் நூறு விஷயங்களில் கவனம் வைக்கும் சதாவதானம் செய்தார். அது பயின்று பெற்ற திறன்.

பெரியம்மாவுக்கு இருப்பது பயிற்சியால் வருவதல்ல. கலிபோர்னியாவில் பார்க்கர், கேஹில், மெக்கா மூவரும் 2006இல் இதை முதன்முதலாக விவரித்து எழுதினார்கள். அவர்கள் ஆராய்ந்த பெண்மணி ஜில் பிரைஸ், 1980 பிப்ரவரி 5 முதல் ஒவ்வொரு நாளும் நினைவிருப்பதாகச் சொன்னவர். பள்ளியில் மனப்பாடம் செய்ய அவர் திணறினார் என்பதைக் கவனியுங்கள். நாவலில் நாயகி தேர்வுகளில் எல்லாம் முதலிடம் வாங்குகிறாள். அதை நான் ஏற்கமாட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இத்தகையோரின் நினைவும் தவறும். 2013இல் வெளியான ஆய்வில், காட்டப்படாத சொற்களைப் பார்த்ததாக அவர்களும் மற்றவர்களைப் போலவே சொன்னார்கள். எனவே பெரியம்மா பேசுவதைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். தேதி, கிழமை, ஆள், இடம் என்று தனித்தனியே எழுதுங்கள். பழைய நாளிதழ், கோயில் திருவிழா நோட்டீசு, சம்பளச் சீட்டு, பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு ஆகியவற்றோடு ஒப்பிடுங்கள். சாவு வீட்டுக்கு அழைத்துப் போகும்போது பக்கத்திலேயே உட்காருங்கள். விருந்தினர் முன் தேதி கேட்டுச் சோதிப்பதை வீட்டார் உடனே நிறுத்த வேண்டும். மாமா விஷயத்தில், அந்த லயங்களின் வரைபடத்தைக் கதவு வாரியாக இந்த வாரமே வரைந்து வாங்கிவிடுங்கள். தள்ளிப்போடாதீர்கள்.

பசார் ரோட்டுக்காரி:

சார், எல்லாத்தையும் சரிபார்த்தே ஆகணுமா? இதையும் கேளுங்க.

நான் சின்ன வயசுல வேலை செஞ்ச மளிகைக் கடை அம்மா கடன் எழுதுற 555 நோட்டு வெச்சதே கிடையாது. தோட்டத்துச் சனம் மாசக் கடனுக்குத்தான் சாமான் வாங்கும். அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய், யாருக்கு எவ்வளவு, எல்லாம் மனசுலதான். சம்பளத்தன்னைக்கு வாய்க்கணக்கு. ஒருத்தரும் சண்டை போட்டு நான் பார்த்ததில்ல.

பல வருஷம் கழிச்சு ஜொகூர்ல இருந்து ஒருத்தர் வந்தார். அப்பா சாகும்போது "அந்தக் கடைக்கு பாக்கி இருக்கு, கட்டிடு"ன்னு சொன்னாராம். கவரைக் கையில வெச்சிக்கிட்டு நிக்கிறார். அந்தம்மா அவரைப் பார்த்தாங்க, கவரைப் பார்த்தாங்க. "உங்கப்பா கட்டிட்டாருப்பா. தீபாவளிக்கு முதல் நாள். நல்ல மழை. நனைஞ்ச நோட்டை இந்தத் தராசு மேல காய வெச்சிட்டுப் போனாரு"ன்னாங்க. அவர் அந்தத் தராசைத் தொட்டுப் பார்த்துட்டுப் போனார்.

அந்தத் தீபாவளிக்கு முதல் நாள் கடையில நின்னது நான். அவங்கப்பா வரல. அந்தக் குடும்பம் ரெண்டு மாசத்துக்கு முன்னயே தோட்டத்தை விட்டுப் போயிருச்சு. எதையுமே மறக்காதவங்க சார் அவங்க. இதை எந்த ஆராய்ச்சியில சேர்ப்பீங்க?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

நினைவு தவறியிருக்கலாம் என்பதற்கு இதுவே சான்று. வேறொரு வீட்டார் காய வைத்த நோட்டாக இருக்கலாம்.

செம்பனைக்காட்டு மருமகன்:

அந்தம்மாவுக்குப் பாக்கித் தொகை காசு சுத்தமா தெரியும் சார். தெரிஞ்சேதான் சொல்லியிருக்காங்க. அதுகூடவா புரியல?

பசார் ரோட்டுக்காரி:

நான் அவங்ககிட்ட கேட்டதே இல்ல. கேட்டிருந்தாலும் மறுபடி அந்த மழையைத்தான் சொல்லியிருப்பாங்க.

லயத்து வாசகி:

சார் சொன்னபடி போனை வெச்சுப் பார்த்தேன். "அதுக்கும் சேர்த்து ஞாபகம் வெச்சிக்கணுமா"ன்னு பெரியம்மா அதை நகர்த்திட்டாங்க. அதனால பதிவு கிடையாது. சாவு வீட்டுல பக்கத்துல உக்காருங்கன்னீங்களே, அதை மட்டும் எடுத்துக்கிறேன்.

பதிலுக்கு நாவலைத்தான் படிச்சுக் காட்டுறேன். மூணாம் அத்தியாயத்துல கையைக் காட்டி நிறுத்தினாங்க. "இந்தப் புள்ளைக்குத் தேதியா வருதே, நாத்தம் ஒண்ணும் வரலையே? எனக்கு ஒட்டுப்பால் நாத்தம்தான் முதல்ல வரும். தேதி அப்புறம்தான்." எழுதினவங்க இப்படி ஒருத்தரையும் பார்த்ததில்லன்னு அவங்க முடிவு. எனக்கும் அதே எண்ணம் வந்துருச்சு. ஆனா அந்தப் பொண்ணு அம்மாகூடச் சண்டை போட்டுட்டு ராத்திரி முழுக்கத் தூங்காம கிடக்கிற பக்கத்தை மட்டும் ரெண்டு தடவை படிக்கச் சொன்னாங்க. அந்த இடத்துல ஒரு குறையும் சொல்லல.

பசார் ரோட்டுக்காரி, அந்தக் கடை அம்மா பேரை எழுத வேணாம், எந்தத் தோட்டத்துப் பக்கம்னு மட்டும் சொல்லுங்க. பெரியம்மா கேக்கறாங்க. அந்தத் தராசு பச்சைக் கலரான்னும் கேக்கறாங்க.