மறு: வெல்க்ரோவுக்கு ஒரு தமிழ்ச்சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

அழுத்தினால் மாட்டிக்கொண்டு உரித்தால் விடுபடும் வெல்க்ரோ பட்டைக்கு இந்த இழையில் வந்த சொற்களை முதலிலிருந்து மறுபடி படித்தேன். ஒட்டுப்பட்டை, பற்றுநாடா, உருவிப்பட்டை, கொக்கிப்பட்டை என நான்கு சொற்கள் தேறுகின்றன. அவற்றைப் பற்றிச் சொல்லிவிட்டு என் பரிந்துரைக்கு வருகிறேன்.

> வெல்க்ரோ என்றே எழுதிவிட்டால் என்ன? எல்லாருக்கும் தெரிந்த சொல்தானே?

தெரிந்த சொல்தான். ஆனால் அது ஒரு நிறுவனத்தின் வணிகப் பெயர். அதை உருவாக்கிய சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஜார்ஜ் டி மெஸ்ட்ரால், வெல்வெட்டைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் தலையையும் கொக்கியைக் குறிக்கும் சொல்லின் தலையையும் சேர்த்து அந்தப் பெயரை வைத்தார். 1978இல் காப்புரிமை முடிந்த பிறகு யார் வேண்டுமானாலும் இந்தப் பட்டையைச் செய்து விற்கலாம், பெயரைத்தான் எடுத்துக்கொள்ள முடியாது. எல்லாப் பட்டைகளையும் எங்கள் பெயரால் அழைக்காதீர்கள் என்று அந்த நிறுவனமே 2017இல் ஒரு பாட்டுக் காணொளி வெளியிட்டுக் கேட்டுக்கொண்டது. ஆகவே நம் கட்டுரைகளுக்குப் பொதுப்பெயர் ஒன்று வேண்டும்.

> ஒட்டுப்பட்டை எளிமையாக இருக்கிறது. குழந்தைக்கும் புரியும்.

எளிமைதான், ஆனால் பொருள் தவறிவிடுகிறது. இந்தப் பட்டையில் பசை கிடையாது. பசைநாடாவை ஏற்கெனவே ஒட்டுநாடா என்கிறோம், இரண்டும் குழம்பும். பற்றுநாடாவுக்கும் ஏறக்குறைய இதே சிக்கல். பல்லி சுவரைப் பற்றுகிறது, ஆனால் அதன் காலில் பசையும் இல்லை, கொக்கியும் இல்லை. விரலடியில் உள்ள நுண்மயிர்கள் சுவரை மிக நெருங்கித் தொடுவதால் மூலக்கூறுகளுக்கு இடையே எழும் வான் டெர் வால்சு விசைதான் அதைத் தாங்குகிறது. அந்த முறையில் செய்த நாடாக்களும் ஆய்வுக்கூடங்களில் உருவாகியிருக்கின்றன. பற்றுநாடா என்ற சொல்லை அவற்றுக்காக எடுத்து வைப்பது நல்லது. பசையால் நிற்பது, நெருக்கத்தால் நிற்பது, மாட்டிக்கொண்டு நிற்பது என்று மூன்று வழிகள் இருக்கும்போது மூன்றுக்கும் வெவ்வேறு வினை வேண்டும்.

> 1941இல் டி மெஸ்ட்ரால் தன் நாயின் உடம்பில் ஒட்டிய செடிக்காயைப் பார்த்துத்தானே இதைக் கண்டுபிடித்தார்? நம்மிடம் நாயுருவி இருக்கிறது. உருவிப்பட்டை என்றால் வரலாறும் சேர்ந்து வரும்.

அழகான யோசனை. ஆனாலும் ஏற்க முடியவில்லை. உருவுவது என்றால் உறையிலிருந்து வாளை உருவுவதுபோல வழுக்கி வெளியே வருவது. இந்தப் பட்டை செய்வது அதற்கு நேர் எதிர். அப்புறம், நாயுருவி விதையைக் கையில் வைத்துப் பாருங்கள். அதன் முனைகள் ஊசிபோல நேராக இருக்கும், துணியில் குத்தி நிற்கும். டி மெஸ்ட்ரால் நுண்ணோக்கியில் பார்த்த காய் பர்டாக் செடியுடையது. அதன் ஒவ்வொரு முள்ளும் நுனியில் வளைந்திருக்கும், துணியின் இழைச்சுருளில் போய் மாட்டிக்கொள்ளும். அந்த வளைவுதான் கண்டுபிடிப்பின் உயிர்.

அந்த வளைவை நைலானில் கொண்டுவருவதற்குத்தான் அவர் வருடக்கணக்கில் பாடுபட்டார். முதலில் பருத்தியில் நெய்து பார்த்தார்கள், சீக்கிரமே தேய்ந்துவிட்டது. நைலான் இழையைச் சுருள் சுருளாக நெய்து, வெப்பத்தில் விறைக்கவைத்து, ஒவ்வொரு சுருளையும் உச்சிக்குச் சற்றுப் பக்கவாட்டில் வெட்டினால் மிச்சம் நிற்பது கொக்கி. அதாவது ஒரு பக்கத்தில் இருப்பது முழுச்சுருள், எதிர்ப்பக்கத்தில் இருப்பது வெட்டிய சுருள்.

இந்த உறவு சொல்லிலும் தெரிய வேண்டும் என்பது என் விருப்பம். மாட்டப்படும் சுருளுக்குக் கண்ணி என்ற சொல் இருக்கிறது. பின்னல் வேலையில் ஒவ்வொரு சுருளும் கண்ணிதான். மாட்டுகிற பக்கத்துக்குக் கொளுவி. கொளுவுதல் என்றால் மாட்டுதல். ஆக, பொருளுக்குப் பெயர் கொளுவிப்பட்டை, அதன் இரு பக்கங்கள் கொளுவிப்பக்கம், கண்ணிப்பக்கம்.

அன்புடன்.

—

ஐயா, வணக்கம்.

கண்ணி மிகவும் பிடித்திருக்கிறது. கொளுவியில்தான் எனக்குத் தயக்கம். கொளுவு என்ற வினை இலங்கைத் தமிழில் அன்றாடப் பேச்சு, தமிழ்நாட்டில் பலர் கேட்டிருக்கவே மாட்டார்கள். கொக்கி எல்லாருக்கும் தெரியும். கொக்கிப்பட்டை என்றே வைத்துக்கொண்டால் என்ன?

இன்னொன்று. இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் வகை ஒன்று உண்டு. கண்ணியே கிடையாது. காளான் குடைபோலத் தலை பருத்த தண்டுகள் இரு பக்கமும் நின்று ஒன்றின் இடுக்கில் ஒன்று சிக்கிக்கொள்ளும். அதை எதில் சேர்ப்பது?

—

வணக்கம். இரண்டுமே நல்ல கேள்விகள்.

ஆடையில் தைக்கிற உலோகக் கொக்கிக்குக் கொக்கி என்ற பெயர் ஏற்கெனவே நிலைத்துவிட்டது. 'கொக்கிப்பட்டை வைத்துத் தைக்கவும்' என்றால் தையற்காரர் உலோகக் கொக்கி வரிசையாக வைத்த பட்டையைத்தான் நினைப்பார். கொளுவிக்கு அந்தச் சுமை இல்லை. ஒரு பகுதியில் உயிரோடு இருக்கும் வினையை மற்றவர்களும் எடுத்துக்கொள்வது புதிதாக ஒன்றைப் படைப்பதைவிட மேல் என்பது என் உறுதியான எண்ணம்.

வினை இருப்பதில் இன்னொரு வசதி, இயக்கத்தை விளக்குவது சுலபமாகிறது. இரு பட்டைகளையும் பக்கவாட்டில் இழுத்தால் பரப்பில் உள்ள எல்லாக் கொளுவிகளும் ஒன்றாகச் சுமையைத் தாங்கும், அசையாது. ஓரத்தைப் பிடித்து உரித்தால் அந்த நொடியில் ஒரு வரிசைக் கொளுவிகள் மட்டும் நிமிர்ந்து கண்ணியை விடும், பிறகு பழையபடி வளையும். அடுத்த வரிசை, அதற்கடுத்த வரிசை. நாம் கேட்கும் அந்தக் கரகர ஓசை இப்படி வரிசை வரிசையாக விடுபடுவதால் வருவது. 'கொளுவிகள் விடுகின்றன' என்று எழுதும்போது படமே கண்முன் வந்துவிடுகிறது. பழைய பட்டை பிடிக்காமல் போவதையும் இதே சொற்களில் சொல்லிவிடலாம்: கொளுவிகளில் நூல்தும்பு அடைத்துக்கொள்கிறது, கண்ணிகள் அறுகின்றன.

காளான் தலை வகையைக் கொளுவிப்பட்டையில் சேர்க்க வேண்டாம். அதில் கொளுவுவதும் இல்லை, கண்ணியும் இல்லை. சிக்குதல் என்று நீங்களே பொருத்தமான வினையைப் போட்டுவிட்டீர்கள். அதைச் சிக்குப்பட்டை எனலாம்.

சரி, கட்டுரையின் முதல் வரியை இப்படி வைக்கலாம் என்று நினைக்கிறேன்: 'கொளுவிப்பட்டை என்பது ஒரு பக்கம் நுண்கொளுவிகளும் மறுபக்கம் நுண்கண்ணிகளும் கொண்ட, அழுத்தினால் மாட்டிக்கொண்டு உரித்தால் விடுபடும் நெய்பட்டை. வெல்க்ரோ என்ற வணிகப் பெயரால் பரவலாக அறியப்படுகிறது.' மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், பிறகு பதிந்துவிடலாம்.