பிஸ்மத்துக்கு மாறினேன், றோலர் இறுகுதில்லை. உதவி தேவை

உப்புவெளிப் பட்டறை:
வணக்கம். ஃபைபர் போட்டுகளில் வலைக்கயிறு ஓடுகிற பொலியூரிதேன் றோலர்கள் வார்க்கிறேன். இவ்வளவு காலமும் வினையூக்கி டைபியூட்டில்டின் டைலோரேட்தான். வீட்டில் மனைவி கர்ப்பம், அந்த வெள்ளீயச் சாமான் கருவுக்குக் கூடாது என்று கேள்விப்பட்டு பிஸ்மத் நியோடெக்கனோயேட் என்கிற பிஸ்மத் உலோக வினையூக்கிக்கு மாறினேன். முதல் கிழமை வேலை தங்கமாக நடந்தது. அதை நம்பி, பொலியூரிதேன் செய்யக் கலக்கிற இரண்டு திரவங்களில் ஒன்றான பொலியோல் 20 கிலோவில் பிஸ்மத்தை ஒரேயடியாகக் கலந்து வைத்துவிட்டேன். அப்புறம் மூன்று கிழமை மாரி மழை. இப்போது அச்சிலிருந்து எடுத்தால் நகம் பதிகிறது, வெட்டிப் பார்த்தால் ஊசி குத்தியது போலத் துளைகள், பொலியோலும் மோர்த்தண்ணி மாதிரிக் கலங்கிக் கிடக்கிறது. பிஸ்மத்தை இரட்டிப்பாக்கியும் துளை குறையவில்லை.

மூதூரான்:
பொலியோலோடு கலக்கிற மற்றத் திரவம், ஐசோசயனேட், பழசாகியிருக்கும். கானைத் திறந்து வெள்ளையாக ஆடை படர்ந்திருக்கா பாருங்கள்.

பழைய வார்ப்பாளர்:
அதுவும் நடக்கும், ஆனால் கலங்கினது பொலியோல் என்கிறார் தம்பி, அதனால் எனக்குச் சந்தேகம் தண்ணீர் மேல்தான். உங்களுடையது போன்ற பிஸ்மத் கார்பொக்சிலேட் ஈரத்தோடு சேர்ந்து நாள்பட இருந்தால் தண்ணீரால் உடைந்து வேலை செய்யாத பிஸ்மத்தாகப் படிந்துவிடும், கலங்கல் அதுதான். மிச்சத் தண்ணீர் ஐசோசயனேட்டைத் தின்று கரியமில வாயுவை விடும். 1 கிராம் தண்ணீருக்கே 1 லீற்றருக்கு மேல் வாயு வரும், துளை வராமல் என்ன செய்யும்? பிஸ்மத்தைக் கூட்டினால் தண்ணீர் போகாது. இரண்டு பிளாஸ்டிக் கோப்பையில் (கடதாசி வேண்டாம், அதிலேயே ஈரம் இருக்கும்) அதே பொலியோலை எடுங்கள், ஒன்றில் மட்டும் புது பிஸ்மத் ஒரு துளி, பிறகு இரண்டிலும் ஐசோசயனேட்.

உப்புவெளிப் பட்டறை:
பார்த்தேன் அண்ணை. துளி விட்டது இறுகியது, உள்ளே துளையோடு. மற்றது பின்னேரம் வரை பாணி போலத்தான். ஐசோசயனேட்டில் ஆடை இல்லை. இந்த 20 கிலோவை வீசுவதா?

பழைய வார்ப்பாளர்:
ஏன் வீச வேண்டும்? பழைய பிஸ்மத் செத்துவிட்டது, தண்ணீர் இன்னும் உள்ளே இருக்கிறது, அவ்வளவுதான். சூடாக்கி வெற்றிடத்தில் ஈரத்தை இழுத்து எடுங்கள். பம்ப் இல்லையென்றால் ஈரம் உறிஞ்சுகிற 3ஏ மூலக்கூற்றுச் சல்லடைப் பொடியைக் கலந்து ஒரு இரவு விடுங்கள், அதன் துவாரத்துக்குள் தண்ணீர் மட்டும்தான் நுழையும். கலங்கல் தெளியாது, கறுப்பு நிறம் போட்டு வார்த்துவிடுங்கள், யாருக்கும் தெரியாது. இனி பிஸ்மத்தை ஊற்றும் நேரத்தில் மட்டும் போடுங்கள், போத்தல் மூடியை இறுக்குங்கள்.

மாறினது நல்லதுதான், டைபியூட்டில்டின்னுக்கு ஐரோப்பாவிலும் 2012 முதல் கட்டுப்பாடு. ஆனால் மூச்சுக்கு ஆபத்து ஐசோசயனேட்டில், அது அப்படியே இருக்கிறது. வேலை உடுப்பைப் பட்டறையிலேயே கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

உப்புவெளிப் பட்டறை:
சரி அண்ணை. பொடி கொழும்பிலிருந்துதான் வர வேண்டும், வந்ததும் ஒரு றோலர் வார்த்து எழுதுகிறேன்.