‘அல்ட்ராவயலட் கிராஸ்லேண்ட்ஸ்’: வணிகம் வெறும் கூட்டல் கழித்தலாகிவிடாமல் நடத்துவது எப்படி?

ஆட்டக்காரர்களின் இணைய மன்றத்தில் ‘பொதிமாடு’ என்ற பெயரில் ஒருவர் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். லூகா ரெயெட்ஸ் தாமே எழுதிப் படமும் தாமே வரைந்த ‘அல்ட்ராவயலட் கிராஸ்லேண்ட்ஸ்’ என்ற பாத்திரமேற்கும் ஆட்டத்தை (ஆளுக்கொரு பாத்திரமேற்று, பகடை உருட்டி, பேசியே கதையை நகர்த்தும் மேசை ஆட்டம்), கதையை நடத்துபவனாகிய என்னுடன் சேர்த்து ஐந்து பேர், இரண்டு மாதங்களாக ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் ஆடி வருகிறோம். புல்வெளியின் விளிம்பில் உள்ள ஊதா நகரத்திலிருந்து ஒரு வணிகச்சாத்து, அதாவது சரக்கு வண்டிகளோடு சேர்ந்து பயணிக்கும் வணிகர் கூட்டம், புறப்பட்டு, மேற்கே வெகுதொலைவில் இருக்கும் கருநகரத்தை நோக்கிப் போவதே இதன் பெரும்போக்கு என்பது இங்குள்ள பலருக்குத் தெரிந்திருக்கும். படங்களும் இடங்களும் எங்களை முதல் நாளே ஈர்த்துவிட்டன. ஆயினும் நான்காம் அமர்விலிருந்து ஒரு சோர்வு தென்படுகிறது. ஒவ்வொரு வாரப் பயணத்துக்கும் உணவு மூட்டையைக் கழிக்கிறோம், பகடையை உருட்டுகிறோம், ஊர் வந்ததும் சரக்கை விற்று இலாபத்தைக் குறித்துக்கொள்கிறோம். பிறகு அதையே மறுபடியும் செய்கிறோம். கணக்கை அடியோடு நீக்கிவிடலாமா என்று ஆடுபவர்களில் இருவர் கேட்கிறார்கள். எனக்கு மனம் வரவில்லை. உங்கள் அனுபவம் என்ன?

சாத்துவழி எழுதியது:

நண்பரே, தயவுசெய்து நீக்காதீர்கள். இந்த ஆட்டம் கணக்கை ஏற்கெனவே வேண்டிய அளவு குறைத்துத்தான் தந்திருக்கிறது. 1974-இல் வெளிவந்த முதல் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டத்தில் ஒருவர் சுமக்கும் பாரம் பொற்காசுகளின் எடையில் கணக்கிடப்பட்டது. கயிறும் கேடயமும்கூட இத்தனை காசு எடை என்று எழுதப்பட்டன. இங்கே அளவு மூட்டை, காலம் வாரம். ஓர் ஆளுக்கு ஒரு வாரத்துக்கு ஒரு மூட்டை உணவு என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

உங்கள் சிக்கல் கணக்கு இருப்பதால் வந்ததன்று, அது தவறான நேரத்தில் நடப்பதால் வந்தது என்று நினைக்கிறேன். நீங்கள் வாராவாரம் கழிக்கிறீர்கள். அந்த நேரத்தில் யாருக்கும் முடிவெடுக்க எதுவும் இல்லை. முடிவு முழுவதும் புறப்படுவதற்கு முந்தைய இரவில் இருக்கிறது. ஆறு பேர் கொண்ட சாத்து, அடுத்த இடத்துக்கு மூன்று வாரம், வண்டிகள் தாங்குவது 30 மூட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். உணவுக்கு 18 போனால் சரக்குக்கு 12 மிஞ்சும். ஆனால் வழியில் ஒரே ஒரு வாரம் தாமதம் நேர்ந்தாலும் இன்னும் 6 மூட்டை வேண்டும். அதையும் ஏற்றினால் சரக்கு பாதியாகிவிடும். இலாபத்தை விடுவதா, பசிக்குத் துணிவதா என்று ஆடுபவர்கள் தங்களுக்குள் வாதாட வேண்டும். அந்த வாதத்துக்கு அரைமணி நேரம் போனாலும் நீங்கள் குறுக்கிடாதீர்கள். அதன்பின் வழியில் வாரம் கழிவதை ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிடலாம்.

சங்கப் பாட்டில் உப்பு வணிகராகிய உமணர், வண்டி பள்ளத்தில் இறங்குமோ மேட்டில் ஏறுமோ யார் அறிவார் என்று எண்ணி, அடியில் ஒரு சேம அச்சை, அதாவது அச்சு முறிந்தால் மாற்றிக்கொள்ள ஓர் உபரி அச்சை, கட்டிக்கொண்டு போவார்கள். எங்கள் மேசையில் அதையே விதியாக்கினோம்: சேம அச்சு ஒரு மூட்டை இடத்தைப் பிடிக்கும், வண்டிக்கு வரும் ஒரு சேதத்தைத் தடுக்கும்.

நெடுந்தூரம் எழுதியது:

மேலே சொன்னதோடு பெரும்பாலும் உடன்படுகிறேன், ஒன்றைத் தவிர. புறப்படும் இரவு வலுவாக இருக்க வேண்டுமானால் ‘இந்தச் சரக்கை ஏன் விற்றே ஆக வேண்டும்’ என்ற நெருக்கடி முதலில் இருக்க வேண்டும். 1977-இல் வெளிவந்த ‘டிராவலர்’ விண்வெளி ஆட்டத்தைப் பாருங்கள். அதிலும் விண்மீன்களுக்கிடையே ஒரு தாவலுக்கு ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும்; அந்த வாரத்தில் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. ஆனாலும் அலுப்பு வராது. ஏனென்றால் கப்பலின் விலையில் 240-இல் ஒரு பங்கை மாதந்தோறும், 40 ஆண்டுகளுக்குக் கட்டியாக வேண்டும். அந்தத் தவணைதான் கப்பலை அடுத்த துறைமுகத்துக்குத் தள்ளுகிறது. உங்கள் சாத்துக்கும் ஊதா நகரத்தில் ஒரு கடன்காரரை வையுங்கள். பணத்தைத் திருப்பித் தர வேண்டிய நாளையும் சொல்லிவிடுங்கள்.

நீலமணல் எழுதியது:

இருவரும் சொன்னவை நல்ல வழிகள். ஆனால் இரண்டையும் எந்த வணிக ஆட்டத்திலும் செய்யலாம். இந்தப் புல்வெளிக்கே உரிய விசித்திரம் உங்கள் சந்தைக்குள் நுழையவில்லை என்பது என் ஐயம். விந்தைகளை வழிக்கும் வணிகத்தை ஊருக்கும் என்று பிரித்துவிட்டால், வணிகம் வறண்டுதான் போகும்.

இந்த ஆட்டத்தின் உலகில் வரும் பீங்கான் இளவரசர்களை எடுத்துக்கொள்ளுங்கள். பீங்கான் முகமூடி அணிந்த பல உடல்களில் பரவி வாழும் ஒரே மனம் என்பது எவ்வளவு அரிய கற்பனை! அப்படிப்பட்டவரிடம் ஒரு மூட்டைத் துணியை விற்கும்போது விலை கேட்டது ஓர் உடல், பேரம் பேசுவது இன்னோர் உடல், இதற்கிடையே மூன்றாவது உடல் உங்கள் வண்டியின் பின்புறம் நின்று சரக்கை எண்ணிக்கொண்டிருக்கிறது என்றால், அந்த விற்பனை நினைவில் நிற்கும். ‘பத்து மூட்டை சரக்கு’ என்று ஒருபோதும் எழுதாதீர்கள். உள்ளே இருப்பது என்ன, அதை வாங்குபவர் எதற்காக வாங்குகிறார் என்ற இரண்டையும் முன்கூட்டியே முடிவுசெய்து வையுங்கள். வாங்குபவரின் தேவை விசித்திரமானதாக இருந்தால், விலைப்பட்டியலை மாற்றாமலே பேரம் உயிர் பெறும்.

பொதிமாடு மறுபடியும் எழுதியது:

மூவருக்கும் நன்றி. நேற்று மூன்றையும் சேர்த்து நடத்திப் பார்த்தேன். சேம அச்சுக்காக ஒரு மூட்டை இடத்தை விடுவதா என்ற விவாதமே நாற்பது நிமிடம் நடந்தது. கடன் நாள் நெருங்குவதால் அச்சு வேண்டாம், சரக்கே வேண்டும் என்றவர்கள் தோற்றார்கள்; அச்சு வண்டியில் ஏறியது. எங்கள் வண்டி கடைசிவரை உடையவில்லை. ஆனால் இரண்டாம் வாரத்தில், அச்சு முறிந்து நின்றிருந்த ஒரு பீங்கான் இளவரசரின் சிறு சாத்தைச் சந்தித்தார்கள். அச்சை அவருக்கு விற்கலாம் என்று ஆடுபவர்களே முடிவெடுத்தார்கள். நான் ஒன்றும் தூண்டவில்லை. இளவரசரிடம் பணம் இல்லை. தம் ஐந்து உடல்களில் ஒன்றைக் கருநகரம்வரை துணைக்கு அனுப்புகிறேன் என்றார். அவர்கள் ஒப்புக்கொண்டார்கள்.

இப்போது எங்கள் மேசையில் ஒரு கேள்வி தீராமல் நிற்கிறது. அந்த உடலை ஓர் ஆளாகக் கொண்டு வாரம் ஒரு மூட்டை உணவைக் கழிக்கிறேன், அதில் தடையில்லை. ஆனால் இனி எங்கள் சாத்து பேசிக்கொள்ளும் ஒவ்வொரு விலையும் மற்ற நான்கு உடல்களுக்கும் அதே நொடியில் தெரிந்துவிடும் என்று நான் வைத்துக்கொள்வது ஆடுபவர்களுக்கு நியாயமாக இருக்குமா?