புதுப்பிப்பு: சிங்கிள்டனுக்குள் டிபிகான்டெக்ஸ்ட் பிரச்சினை தீர்ந்தது

பேக்ரவுண்ட் சர்வீஸின் (பின்னணியில் ஓடும் வேலை; அப்ளிகேஷன் முழுவதற்கும் ஒரே ஆப்ஜெக்ட், அதாவது சிங்கிள்டன்) கன்ஸ்ட்ரக்டரில் டிபிகான்டெக்ஸ்ட்டை (டேட்டாபேஸோடு பேசும் ஆப்ஜெக்ட்) இன்ஜெக்ட் செய்தால் டெவலப்மென்ட்டில் மட்டும் எக்செப்ஷன் வருகிறது, புரொடக்ஷனில் சத்தமே இல்லை, ஏன் என்று கேட்டிருந்தேன் இல்லையா, விடை கிடைத்துவிட்டது. ஏஎஸ்பி டாட்நெட் கோரில் (மைக்ரோசாஃப்ட்டின் வெப் ஃபிரேம்வொர்க்) ஸ்கோப் சரிபார்ப்பு, அதாவது குறைந்த ஆயுளுள்ள ஆப்ஜெக்ட்டை சிங்கிள்டன் பிடித்துவைக்கிறதா என்று பார்ப்பது, இயல்பாக டெவலப்மென்ட்டில் மட்டும்தான் ஓடும். புரொடக்ஷனில், ஒரு வேலை முடிந்ததும் போக வேண்டிய (ஸ்கோப்டு) டிபிகான்டெக்ஸ்ட் சிங்கிள்டனிடம் மாட்டிக்கொண்டு, அப்ளிகேஷன் நிற்கும் வரை உயிரோடு இருக்கும். ஏற்கெனவே டேட்டாபேஸிலிருந்து எடுத்த என்டிட்டிகளைக் (தரவு ஆப்ஜெக்ட்டுகளை) கையில் வைத்துக்கொண்டே இருப்பதால் மெமரி ஏறும், பழைய மதிப்பே திரும்ப வரும். டிபிகான்டெக்ஸ்ட் த்ரெட்-சேஃப் வேறு கிடையாது, அதாவது ஒரே நேரத்தில் பல த்ரெட்கள் அதைப் பாதுகாப்பாகப் பயன்படுத்த முடியாது.

சரி, தீர்வு: கன்ஸ்ட்ரக்டரில் ஐசர்வீஸ்ஸ்கோப்ஃபேக்டரியை (புது ஸ்கோப் உருவாக்கித் தருவது) மட்டும் வாங்கி, ஒவ்வொரு வேலைக்கும் யூசிங் போட்டு (வேலை முடிந்ததும் ஸ்கோப்பை அதுவே அழித்துவிடும்) கிரியேட்ஸ்கோப் அழைத்து, அதற்குள் டிபிகான்டெக்ஸ்ட்டை எடுத்தேன். சிலர் சொன்னபடி டிபிகான்டெக்ஸ்ட்டையே சிங்கிள்டனாக மாற்றியிருந்தால் எக்செப்ஷன் மறையும், நோய் அப்படியே இருக்கும். அப்புறம், அந்த ஸ்கோப் சரிபார்ப்புக்கான வேலிடேட்ஸ்கோப்ஸ் அமைப்பை புரொடக்ஷனிலும் ட்ரூ ஆக்கிவிட்டேன்.