ரேடியேட்டருக்குத் தண்ணீரே போதுமாம்!

மதுரவாயல் மணி:
போன வாரம் பழைய ஸ்டியரிங் ஐயா இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. "எஞ்சினைக் குளிர்விக்க ரேடியேட்டரில் ஊற்றும் கூலண்ட் திரவம் பனி கொட்டும் நாட்டுக்காரனுக்குத் தேவைப்படுவது. நம் ஊருக்குத் தண்ணீரே போதும். என் அம்பாசடர் 22 வருடம் தண்ணீரில்தான் ஓடியது. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறியும் ஒருமுறைகூடக் கொதித்ததில்லை" என்று எழுதியிருந்தார். இதைப் படித்த என் மைத்துனன், மோட்டார் போட்டு இறைத்த போர்வெல் தண்ணீரில் இரண்டு லிட்டரைக் கூலண்ட் குறைந்திருந்த தன் காரில் ஊற்றி வைத்திருக்கிறான். எங்கள் தெருப் போர்வெல் தண்ணீர் எப்படிப்பட்டது தெரியுமா? வெந்நீர்க் கெட்டிலைக் கவிழ்த்துத் தட்டினால் முட்டையோடு போல வெள்ளைச் சில்லு சில்லாக உதிரும். அதே சுண்ணாம்பு ரேடியேட்டர் குழாய்க்குள் படியாதா?

உறையாமல் காப்பது கூலண்டின் வேலைகளில் ஒன்றுதான். கொதிநிலையை ஏற்றுகிறது. எஞ்சினின் மேல்பாகமான அலுமினிய ஹெட்டை அரிப்பிலிருந்து காக்கிறது. துருப் பிடிக்க விடுவதில்லை. இதெல்லாம் ஐயாவுக்குத் தெரியவில்லை, போகட்டும். ஒரே ஒரு கேள்வி. ஒருமுறைகூடக் கொதிக்கவில்லை என்றால், அதே பதிவில் "ஒன்பதாவது வளைவில் வழக்கமாக அரை மணி நேரம் நிறுத்துவோம்" என்று எழுதியிருக்கிறீர்களே, அது எதற்கு?

பழைய ஸ்டியரிங்:
தம்பி, ஒன்பதாவது வளைவு லோம்ஸ் காட்சிமுனை. அங்கிருந்து பார்த்தால் ஆழியாறு அணை முழுவதும் காலடியில் தெரியும். வரையாடுகள் சாலையோரச் சுவருக்கே வந்து நிற்கும். வால்பாறைக்குப் போகிறவர்கள் எல்லோரும் அங்கே நிறுத்துவார்கள். மதுரவாயலில் வரையாடு கிடையாது என்பதால் உங்களுக்குத் தெரிய நியாயமில்லை.

இனி விஞ்ஞானத்துக்கு வருவோம். வெப்பத்தைச் சுமப்பதில் தண்ணீரை மிஞ்ச ஆள் இல்லை. ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடேற்ற 4.18 கிலோஜூல் வெப்பம் வேண்டும். கூலண்டின் மூலச்சரக்கான கிளைகாலைப் பாதிக்குப் பாதி கலந்தால் அது 3.5க்குப் பக்கத்தில் இறங்கிவிடும். அதாவது நீங்கள் காசு கொடுத்து வாங்கி ஊற்றுவது தண்ணீரைவிட மந்தமான சரக்கு. கார்ப் பந்தயத் தடங்கள் பலவற்றில் கிளைகாலுக்கே தடை இருக்கிறது. அங்கே ஓடும் வண்டியெல்லாம் எதை நம்பி ஓடுகிறது? தண்ணீரை.

மதுரவாயல் மணி:
பந்தயத் தடத்தில் தடை செய்வது, அது சிந்தினால் தரை வழுக்கும் என்பதால். எஞ்சினுக்கு ஆகாது என்பதால் இல்லை. அந்த வண்டிகளிலும் தண்ணீரோடு அரிப்புத் தடுப்பு மருந்து சேர்க்கிறார்கள். அதை மட்டும் வசதியாக விழுங்கிவிட்டீர்கள்.

ஒன்பதாவது வளைவுக்கு அரை மணி நேரமா ஐயா? 22 வருடமும் அதே வரையாட்டையா பார்த்தீர்கள்?

நெல்லைக்காரன்:
சண்டைக்கு நடுவே ஒரு சந்தேகம். என் வண்டியில் இருப்பது பச்சைக் கூலண்ட். கடையில் சிவப்புதான் இருக்கிறது என்கிறார்கள். கலந்து ஊற்றலாமா?

பழைய ஸ்டியரிங்:
மணி தம்பிக்கு. நான் தண்ணீர் என்று எழுதினேன். போர்வெல் என்று எழுதினேனா? உங்கள் மைத்துனர் சுண்ணாம்புக் கரைசலை ஊற்றியதற்கு நான் எப்படிப் பொறுப்பு? கோயம்புத்தூர்க்காரன் தண்ணீர் என்று சொன்னால் அது சிறுவாணி. இதைத் தனியாக வேறு எழுத வேண்டுமா? எங்கள் வீட்டு வெந்நீர்ப் பாத்திரம் நாற்பது வருடமாக இருக்கிறது. உள்ளே ஒரு வெள்ளைப் புள்ளி கிடையாது.

மதுரவாயல் மணி:
ஆமாம், எழுத வேண்டும்! படிக்கிறவர்கள் எல்லோருடைய வீட்டுக் குழாயிலுமா சிறுவாணி வருகிறது?

நெல்லைக்காரன்:
சிறுவாணிப் பெருமையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். அந்த அணை இருப்பதே கேரளத்தில். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலைச் சேரும்வரை தமிழ்நாட்டைத் தாண்டாத தாமிரபரணி இருக்கும்போது இதற்கு இத்தனை ஆர்ப்பாட்டம் ஏன்?

பழைய ஸ்டியரிங்:
தாமிரபரணியை யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் குடித்துப் பார்த்தவனுக்கு வித்தியாசம் தெரியும். அவ்வளவுதான்.

நெல்லைக்காரன்:
எந்த வித்தியாசம்? விளக்கமாகச் சொல்லுங்கள். இதே ஐயாதான் போன மாதம் திருநெல்வேலி மெக்கானிக்குகளுக்கு எஞ்சின் டைமிங் பார்க்கத் தெரியாது என்று எழுதினார். எல்லாம் நினைவிருக்கிறது.

பட்டறை வாசல்:
பத்தொன்பது வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். பொதுவாக இங்கே எழுதமாட்டேன், ஆனால் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. ஸ்டியரிங் ஐயா சொல்லும் அம்பாசடரின் பழைய 1489 சிசி எஞ்சினில் பிளாக், ஹெட் இரண்டும் வார்ப்பிரும்பு. ரேடியேட்டர் செம்பும் பித்தளையும், ஈயம் வைத்துப் பற்றவைத்தது. துரு அடைத்தால் ரேடியேட்டர் கடையில் கொடுப்போம். மேல் தொட்டியைப் பிரித்து, ஒவ்வொரு குழாயிலும் கம்பி விட்டுக் குத்தி, திரும்பப் பற்றவைத்துத் தருவார்கள். வண்டி பழையபடி ஓடும். இப்போது வரும் ரேடியேட்டர் அலுமினியம். இருபக்கத் தொட்டிகள் பிளாஸ்டிக், விளிம்பை மடித்து இறுக்கியிருப்பார்கள். அதற்குள் கம்பி விட்டுக் குத்த முடியாது. அடைத்தால் புதிதுதான். ஹெட்டும் அலுமினியம். ஒருமுறை நன்றாகச் சூடேறினால் வளைந்துவிடும். அப்புறம் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கெட் தகடு போகும், ஆயிலில் தண்ணீர் இறங்கும், ஆயில் மட்டம் பார்க்கும் டிப்ஸ்டிக்கை இழுத்தால் பால் காப்பி நிறத்தில் வரும். ஹெட்டைக் கழற்றி லேத்துக்குக் கொண்டுபோய்ச் சமன்படுத்திக் கொண்டுவர வேண்டும். அந்தச் செலவில் எத்தனை கேன் கூலண்ட் வாங்கலாம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நெல்லைக்காரருக்கு: நிறத்தை நம்பாதீர்கள். நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். வண்டியோடு வந்த புத்தகத்தில் எந்த வகை என்று போட்டிருக்கும். வகை மாறிக் கலந்தால் சில நேரம் கூழாகிவிடும்.

பழைய ஸ்டியரிங்:
பட்டறைக்காரர் கேன் கணக்கைப் போடச் சொல்கிறார். ஒரு கேனுக்கு உங்களுக்கு எவ்வளவு நிற்கும் என்ற கணக்கையும் சேர்த்துப் போடலாமா?

மதுரவாயல் மணி:
பட்டறை வாசல் அண்ணே, நீங்கள் சொன்னதெல்லாம் சரி. ஆனால் வண்டி சூடேறுகிறது என்று கொண்டுவந்தால் எஞ்சின் சூடாகும்வரை கூலண்டை ரேடியேட்டருக்கு விடாத தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி வெளியே போட்டுவிட்டு "இனிமேல் பிரச்சினை வராது" என்று அனுப்புவது யார்? உங்கள் ஆட்கள்தான். என் பழைய காருக்கு அப்படித்தான் செய்தார்கள். எஞ்சின் சூடே பிடிக்காமல் மைலேஜ் இறங்கி, காரணம் தெரியாமல் எட்டு மாதம் பெட்ரோல் ஊற்றினேன்.

பட்டறை வாசல்:
எல்லோரும் அப்படிச் செய்வதில்லை. புது வால்வுக்குக் காசு கேட்டால் வாடிக்கையாளர் முகம் சுருங்கும். "கழற்றிவிட்டால் ஓடுமா?" என்று கேட்பதும் அவர்தான்.

மதுரவாயல் மணி:
நான் கேட்கவில்லை.

பட்டறை வாசல்:
உங்களைச் சொல்லவில்லை.

மதுரவாயல் மணி:
வேறு யாரைச் சொன்னீர்கள்?

செந்தமிழ்ச் செல்வன்:
இத்தனை பேர் எழுதுகிறீர்கள், ஒருவருக்காவது கூலண்ட் என்பதைக் குளிர்மி என்றும் ரேடியேட்டரை வெப்பநீக்கி என்றும் எழுதத் தோன்றவில்லையே?

பழைய ஸ்டியரிங்:
கடையில் போய் வெப்பநீக்கி கேளுங்கள். மேசை விசிறியை எடுத்துக் கொடுப்பான்.

திருச்சி கலைவாணி:
நான் வீட்டிலேயே செய்ததைச் சொல்கிறேன். பழைய காராக வாங்கினோம், அதில் முந்தைய உரிமையாளர் வெறும் தண்ணீர்தான் ஊற்றியிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வண்டி இரவு முழுக்க ஆறிய பிறகு, ரேடியேட்டரின் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் திருகைத் திறந்தேன். முதலில் டீத்தூள் கரைத்த மாதிரி வந்தது. பிறகு செங்கல் நிறம். கடைசியில் ஒன்றுமே வரவில்லை. உள்ளே இன்னும் தண்ணீர் இருக்கிறது, ஆனால் துளை அடைத்துக்கொண்டது. சைக்கிள் கம்பியை வளைத்து மெதுவாகக் கிளறியதும் ஒரு கட்டிச் சகதி என் முழங்கையில் விழுந்தது. ஐந்து முறை காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்றி, ஓடவிட்டு, ஆறவிட்டு வடித்தேன். ஆறாவது முறைதான் தெளிவாக வந்தது. அதன் பிறகு கூலண்ட் ஊற்றியதும் வாட்டர் பம்பின் அடித் துளையில் சொட்டுச் சொட்டாக ஒழுக ஆரம்பித்தது. அதுவரை அந்தக் கசடுதான் ஒழுக்கை அடைத்துக்கொண்டிருந்திருக்கிறது! பம்பையும் மாற்றினேன்.

வீட்டில் செய்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். வடித்த கூலண்டைத் தட்டில் அப்படியே வைத்துவிட்டுப் போகாதீர்கள். இனிப்பாக இருக்கும், நாயும் பூனையும் நக்கிவிடும். கடும் விஷம்.

பழைய ஸ்டியரிங்:
பார்த்தீர்களா? கூலண்ட் ஊற்றியதும் பம்ப் ஒழுகியதாம். தண்ணீர் இருந்தவரை ஒழுகவில்லை! சகோதரியே என் கட்சிக்குச் சாட்சி சொல்லிவிட்டார்.

திருச்சி கலைவாணி:
ஐயா, நான் சொன்னதை முழுவதும் படித்தீர்களா? பம்ப் முன்பே போய்விட்டது. சகதி அடைத்திருந்தது.

பழைய ஸ்டியரிங்:
அடைத்தது நல்லதற்குத்தானே அம்மா?

மதுரவாயல் மணி:
இவரோடு பேசுவதும் சுவரோடு பேசுவதும் ஒன்று. நைட்ரஜன் விவகாரத்திலும் இப்படித்தான்.

பழைய ஸ்டியரிங்:
நைட்ரஜன் என்றதும் ஞாபகம் வருகிறது. காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தான் இருக்கிறது, டயருக்குத் தனியாகக் காசு கொடுத்து அடைக்காதே என்று நான் சொன்னபோது இதே மணி தம்பி என்னோடு மூன்று நாள் மல்லுக்கு நின்றார். இப்போதும் காசு கொடுத்துத்தான் அடைக்கிறாரா என்று கேட்டுச் சொல்லுங்கள். காற்றையும் விலைக்கு வாங்குகிறவர், தண்ணீர் இலவசம் என்றால் நம்புவாரா?

எங்கள் காலத்தில் வண்டி ஓட்டுவது என்றால் வண்டியோடு வாழ்வது. என் அம்பாசடர் 1984 மாடல். 2006இல் விற்றபோது வாங்கியவர் பானட்டைத் திறந்து பார்த்துவிட்டுப் பேரமே பேசவில்லை. தினமும் காலையில் பானட்டைத் திறப்பேன், ரேடியேட்டர் மூடியைத் திருகி விரலை விட்டுப் பார்ப்பேன், குறைந்திருந்தால் ஒரு சொம்பு ஊற்றுவேன். மலைக்குப் போனால் டிக்கியில் ஐந்து லிட்டர் கேன், பக்கத்தில் நனைத்த சாக்கு. இவ்வளவுதான் தேவை. இப்போதைய பிள்ளைகளுக்கு பானட்டைத் திறக்கும் நெம்பு எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

மதுரவாயல் மணி:
நில்லுங்கள், நில்லுங்கள். டிக்கியில் ஐந்து லிட்டர் கேன் எதற்கு?

பழைய ஸ்டியரிங்:
குடிக்க. குடும்பத்தோடு போவோம்.

மதுரவாயல் மணி:
சாக்கு?

பட்டறை வாசல்:
சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கும்போது கை வெந்துபோகாமல் இருக்க மேலே போடுவது. எல்லா டிரைவர்களும் வைத்திருப்பார்கள்.

மதுரவாயல் மணி:
நன்றி அண்ணே. கொதிக்காத ரேடியேட்டரின் மூடியை மலைப் பாதையில் நனைத்த சாக்கு போட்டு ஏன் திறக்க வேண்டும்? ஒருவேளை வரையாட்டுக்குக் குளிரும் என்று போர்த்தக் கொண்டுபோனாரா?

பழைய ஸ்டியரிங்:
முன்னெச்சரிக்கை என்று ஒன்று உண்டு. குடை எடுத்துப் போனால் மழை பெய்தது என்று அர்த்தமா?

மதுரவாயல் மணி:
22 வருடம் தவறாமல் குடை எடுத்துப் போனவர், ஒவ்வொரு முறையும் அதே மரத்தடியில் அரை மணி நேரம் ஒதுங்கினால் அர்த்தம் வேறு. வால்பாறை சுமார் 3,500 அடி உயரம். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 96, 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். இரண்டாம் கியரில் உறுமிக்கொண்டு ஏறும் அம்பாசடர், உள்ளே வெறும் தண்ணீர்...

பழைய ஸ்டியரிங்:
திறந்த பாத்திரம்! ரேடியேட்டருக்கு மூடி இருக்கிறது தம்பி. 0.9 பார் அழுத்தம் தாங்கும் மூடி போட்டால் வெறும் தண்ணீரே ஏறத்தாழ 118 டிகிரி வரை கொதிக்காது. அலுமினிய ஹெட், அரிப்பு என்று பெரிய பாடம் நடத்தியவருக்குப் பிரஷர் குக்கர் பாடம் தெரியவில்லை. வீட்டில் சமையல் யார் செய்கிறார்கள்?

திருச்சி கலைவாணி:
சமையலை எதற்கு இழுக்கிறீர்கள்? மூடி கெட்டிருந்தால் அந்த 118 கிடைக்காது. மூடியின் ரப்பரை நீங்கள் எப்போதாவது மாற்றியதுண்டா?

பழைய ஸ்டியரிங்:
எதற்கு மாற்ற வேண்டும்? நன்றாகத்தான் இருந்தது. லேசாக ஆவி விடும், அவ்வளவுதான்.

மதுரவாயல் மணி:
ஆவி விடுமாம்! எல்லோரும் படித்துக்கொள்ளுங்கள். அழித்துவிடப் போகிறார், நான் படம் எடுத்து வைத்துவிட்டேன்.

பழைய ஸ்டியரிங்:
ஆவி விடுவது வேறு, கொதிப்பது வேறு. இட்லிப் பானைகூட...

மதுரவாயல் மணி:
இட்லிப் பானை கொதிக்காமலா ஆவி விடுகிறது?

செந்தமிழ்ச் செல்வன்:
பிரஷர் குக்கருக்கு அழுத்தக் கலன் என்ற...

பழைய ஸ்டியரிங்:
நீங்கள் கொஞ்சம் சும்மா இருங்கள்.

மணி தம்பிக்குக் கடைசியாக ஒன்று. நான் ஓட்டிய வண்டி, நான் ஏறிய மலை. கொதித்ததா இல்லையா என்று சொல்ல உரிமை எனக்கு. ஒருமுறைகூடக் கொதிக்கவில்லை. ஒன்பதாவது வளைவில் நிறுத்தியது வரையாட்டுக்காக. பானட்டைத் தூக்கி வைத்தது காற்றாட. இதற்குமேல் பதில் எழுதமாட்டேன்.

மதுரவாயல் மணி:
பானட்டைத் தூக்கி வைத்தீர்களா? இது எப்போது வந்தது?

பழைய ஸ்டியரிங்:
எல்லோரும்தான் தூக்கி வைப்பார்கள்!

நெல்லைக்காரன்:
புத்தகத்தைத் தேடினேன், கிடைக்கவில்லை. பச்சையில் சிவப்பை ஊற்றலாமா கூடாதா என்று யாராவது ஒரு வரியில் சொல்லுங்கள். வண்டி வாசலில் நிற்கிறது, டப்பாவில் மட்டம் கீழ்க்கோட்டுக்கும் கீழே போய்விட்டது.

பழைய ஸ்டியரிங்:
தாமிரபரணியை ஊற்றிக்கொள்ளுங்கள்.