ஜெயிலில் நம்ம மலையக ஆட்கள்தான் அதிகமா? கணக்குத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கொட்டகலைப் பையன்:
கொழும்பில் என்னோடு ரூமில் இருக்கிற ஒருவன் போன கிழமை, "கசிப்பு (கள்ளச்சாராயம்), குடி, கத்திக்குத்து எல்லாம் தோட்டத்தில்தானே, ஜெயில் முழுக்க உங்க ஆட்கள்தான்" என்று சொல்லிவிட்டான். எனக்குக் கோபம்தான் வந்தது, பதில் வரவில்லை. சிறைச்சாலைத் திணைக்களத்தின் வருடாந்தப் புள்ளிவிவரத்தில் இனவாரியாகப் பிரித்த அட்டவணை இருக்கிறது, இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் (அதாவது நம்ம மலையக ஆட்கள்) என்று தனித்தனியாக. 2012 குடிசன மதிப்பீட்டில் இந்தியத் தமிழர் 4.1 வீதம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அவன் சொன்னது சரியா பிழையா என்று தெரிந்துவிடாதா?

பதுளைக் கோர்ட்டடி:
தெரியாது தம்பி. நம்ம ஆட்களில் எத்தனையோ பேர் பதியும்போது 'இலங்கைத் தமிழர்' என்றே போடுகிறார்கள். 1981இல் 5.5 வீதமாக இருந்தது 2012இல் 4.1 ஆனதற்கு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குக் கப்பலேறிப் போனவர்கள் ஒரு காரணம், இந்தப் பெயர் மாற்றம் இன்னொரு காரணம். குடிசனக் கணக்கில் ஒரு பெயர், ஜெயில் புத்தகத்தில் இன்னொரு பெயர் என்று ஒரே ஆள் விழுந்தால் உங்கள் வீதம் எதைச் சொல்லும்?

அதைவிடப் பெரிய விஷயம், ஜெயிலில் இருப்பவன் எல்லாம் குற்றவாளி இல்லை. இந்த நாட்டுச் சிறைகளில் தீர்ப்பு வந்தவர்களைவிட வழக்கு முடியாமல் விளக்கமறியலில் கிடப்பவர்கள்தான் அதிகம். தீர்ப்பாகி உள்ளே போகிறவர்களிலும் பாதிக்கு மேல் தண்டப்பணம் கட்ட முடியாமல் போகிறவர்கள். கட்டினவன் அன்றைக்கே வீட்டுக்குப் போய்விடுவான், எந்த அட்டவணையிலும் வர மாட்டான். நான் ஒரு சட்டத்தரணியிடம் எழுத்து வேலை பார்க்கிறேன், இதைத் தினமும் பார்க்கிறேன்.

லுணுகலை அக்கா:
எங்க மாமா கதையைச் சொன்னால் உங்களுக்கே விளங்கும். இரண்டு போத்தல் கசிப்போடு பிடித்தார்கள். அவர் செய்தது பிழைதான், இல்லை என்று சொல்லவில்லை. வாக்குமூலம் சிங்களத்தில் எழுதி "அத்சன் கரண்ட" (கையெழுத்துப் போடு) என்று பேனையை நீட்டியிருக்கிறார்கள், இவரும் போட்டுவிட்டார். மாமாவுக்குச் சிங்களம் பேச வரும், கடையில் சாமான் வாங்குகிற அளவுக்கு. வாசிக்க வராது. அப்புறம் கோர்ட்டில் சரீரப் பிணைக்கு, அதாவது அவருக்காகப் பொறுப்பு நிற்க, இரண்டு பேர் வேண்டும் என்றதும்தான் பெரிய பாடு தொடங்கியது. பிணை நிற்கிறவர் கிராம சேவகரிடம் வதிவிடச் சான்றிதழ் எடுக்க வேண்டும், அவர் எங்கள் டிவிஷனுக்கு வருகிற நாள் கிழமையில் ஒன்று, அன்றைக்கும் வரவில்லை. லயக்காம்பராவில் (தோட்டத்து லயன் அறையில்) சொந்தம் என்று காட்ட ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. பிணை நிற்க வந்த அண்ணன் இரண்டு நாள் பேர் (நாள் சம்பளம்) இழந்தார். மாமா பதினான்கு நாள் உள்ளே. அதே கிழமை டவுனில் அதே கேஸில் பிடிபட்ட கடைக்காரர் ஒருவர் பின்னேரமே வெளியே வந்து எங்களுக்கே சோடா வாங்கிக் கொடுத்தார், பாவம் நல்ல மனுசன்.

2024இல் நாட்சம்பளம் 1,350 என்று வர்த்தமானியில் போட்டார்கள். அந்தச் சம்பளத்தில் இருபதாயிரம் தண்டம் என்றால் பதினைந்து நாள் வேலை, அதுவும் ஒரு ரூபாய்கூடச் சாப்பாட்டுக்கு எடுக்காமல்.

ஹட்டன் 71:
அக்கா சொல்வது சரி, ஆனால் எல்லாவற்றுக்கும் பாஷை, வறுமை என்றே போய்க்கொண்டிருந்தால் நாமே நம்மை ஏமாற்றுகிறோம். ஐஸ் போதைப்பொருள் இப்போது மலையேறி வந்துவிட்டது, தோட்டத்தில் கசிப்பு எந்த வீட்டில் காய்ச்சுகிறார்கள் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அடி வாங்குவதும் நம்ம பெண்கள்தான். அவர்கள் முறைப்பாடு கொடுக்கப் போனால் தமிழ் எழுதத் தெரிந்த ஆள் இல்லை, நாளைக்கு வாருங்கள் என்பார்கள், அதற்குள் தோட்டத்துச் சங்கத் தலவரும் மாமியாரும் சேர்ந்து சமாதானம் பேசி முடித்துவிடுவார்கள். அந்தக் குற்றம் எந்தக் கணக்கில் வரும்? நம்மைப் பற்றிய எண்ணிக்கை ஒரு பக்கம் கூடுது, இன்னொரு பக்கம் குறையுது.

பதுளைக் கோர்ட்டடி:
அண்ணே, அந்தக் கடைசி வரி முக்கியம். இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: எதற்காகப் பிடிக்கிறார்கள் என்பதும் காலத்துக்குக் காலம் மாறும். 1979இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்த பிறகு கொழும்பு லொட்ஜில் தங்கிய தோட்டத்துப் பையனும் தமிழன் என்பதற்காகவே உள்ளே போனான், அந்தச் சட்டத்தில் உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்குக் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலமே சாட்சியாக நிற்கும், சாதாரண வழக்கில் அது செல்லாது. இப்போது போதைப்பொருள். தண்டனை பெற்றவர்களில் பாதிக்கு மேல் அந்தக் கேஸ்தான், 2023 டிசம்பரில் 'யுக்திய' என்ற பொலிஸ் போதை ஒழிப்பு வேட்டை தொடங்கியதும் இடமே இல்லாத ஜெயிலில் இன்னும் ஆட்களை அடைத்தார்கள்.

உள்ளே யார் இல்லை என்றும் பாருங்கள். பண்டாரவளைக்குப் பக்கத்தில் பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் 2000 ஒக்டோபர் 25 அன்று 25க்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்களை ஒரு கும்பல் புகுந்து கொன்றது. மரண தண்டனை பெற்ற ஐந்து பேரும் 2005க்குள் மேன்முறையீட்டில் வெளியே வந்துவிட்டார்கள். இங்கிருந்து பஸ்ஸில் ஒரு மணித்தியாலம், அவ்வளவுதான்.

லுணுகலை அக்கா, அடுத்த முறைக்கு (வரக்கூடாது, வந்தால்): விளங்காத மொழியில் வழக்கு நடந்தால் அரசு செலவில் உரைபெயர்ப்பு கேட்கலாம், அரசியலமைப்பின் 24ஆவது உறுப்புரையில் இருக்கிறது. வாய் திறந்து கேட்க வேண்டும், யாரும் தானாகத் தர மாட்டார்கள். தண்டத்தைத் தவணையில் கட்டவும் நீதவானிடம் கேட்கலாம்.

லுணுகலை அக்கா:
தவணையா? எங்க லோயர் இதைச் சொல்லவே இல்லையே! மாமி காதுத் தோட்டை அடகு வைத்தல்லவா கட்டினோம்.

கொட்டகலைப் பையன்:
எல்லாருக்கும் நன்றி. ரூம்காரனிடம் வீதத்தைக் காட்டப் போவதில்லை, அக்காவின் மாமா கதையைச் சொல்லி, அதே கேஸில் நீ மாட்டியிருந்தால் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போயிருப்பாய் என்று கேட்கப் போகிறேன். ஹட்டன் அண்ணன் சொன்னதையும் சொல்ல வேண்டும்தான், அதை எப்படி அவனிடம் சொல்வது என்றுதான் யோசிக்கிறேன்.