ரெண்டு நாள் லீவு, கூட வயசான அம்மா: வண்டலூரா, மைசூர் ஜூவா?

ஈரோடு_ஜவுளி:
வணக்கமுங்க. தீபாவளி வியாபாரம் முடிஞ்சு நவம்பர்ல ஒரு சனி, ஞாயிறுதான் எனக்குக் கிடைக்குது, திங்கக்கெழம ராத்திரி ஜவுளிச் சந்தைக்கு மறுபடி கடை விரிச்சாகணும். பையனுக்கு 6 வயசு, பொண்ணுக்கு 9, ரெண்டு பேருமே இன்னும் பெரிய ஜூ எதுவும் பார்த்ததில்லீங்க, போன வருசமே கூட்டிட்டுப் போறேன்னு சொல்லி போக முடியல. கூட எங்கம்மாவும் வர்றாங்க, முட்டிவலி, ஒரு கிலோமீட்டர் நடந்தாலே உக்காந்துருவாங்க. கார் இருக்குது. வண்டலூரா மைசூரான்னு ஊட்டுல ரெண்டு கட்சி ஆயிப்போச்சு, போனவங்க சொல்லுங்க.

தாம்பரம்_வாசி:
யோசிக்கவே வேணாம், வண்டலூர் வாங்க. 602 ஹெக்டேர், ஏக்கர்ல கிட்டத்தட்ட 1,500, மைசூர் 157 ஏக்கர்தான். இடம் பெருசுன்னா நமக்கு நடை ஜாஸ்திங்கறது உண்மைதான், ஆனா அந்த இடம் நமக்காக இல்ல, மிருகத்துக்காக. புலி நம்மள திரும்பிக்கூட பார்க்காம மரத்துக்குப் பின்னாடி நடந்து போகும், நடுவுல அகழிதான், கம்பி கிடையாது. அத ஒரு தடவ பார்த்த குழந்தை மறக்காது. 1855ல மெட்ராஸ் மியூசியத்துல ஆரம்பிச்சு, அப்புறம் சென்ட்ரல் பக்கம் போய், 1985ல வண்டலூர் காட்டுக்கு வந்த ஜூ இது. எங்க தாத்தா மியூசியத்த செத்த காலேஜ்னும் ஜூவ உயிர் காலேஜ்னும்தான் சொல்வாரு. கார் கூட வேணாம், நைட்டு ஏற்காடு எக்ஸ்பிரஸ்ல படுத்தா விடியக்காலம் சென்ட்ரல், ரோட்ட தாண்டி பார்க் ஸ்டேஷன்ல செங்கல்பட்டு லோக்கல் பிடிச்சா வண்டலூர் ஸ்டேஷன். பஸ்னா கிளாம்பாக்கத்துல இறங்குனா பூங்கா பக்கத்துலயேதான்.

மைசூர்_மருமகள்:
நான் திருச்சிக்காரி, கல்யாணம் பண்ணி மைசூர் வந்து 12 வருஷம் ஆச்சு, வண்டலூரும் மூணு தடவ பார்த்திருக்கேன், அதனால ரெண்டையும் தெரிஞ்சுதான் சொல்றேன். ஈரோட்டு அண்ணா, நீங்க மைசூர் வாங்க. இங்க ஒரே பாதை, ஒரு பக்கம் நுழைஞ்சா சுத்தி வந்து வெளிய விட்டுரும், மொத்தமே மூணு கிலோமீட்டர் சுமாருக்குத்தான் இருக்கும், வழி நெடுக பழைய மரங்க, நிழல். 1892ல சாமராஜேந்திர உடையார் ஆரம்பிச்ச தோட்டம்ங்க இது, ஊருக்கு நடுவுலயே இருக்கு, ரூம்ல இருந்து பத்து நிமிஷத்துல வந்துரலாம். வண்டலூர்ல ஒரு கூண்டுல இருந்து அடுத்த கூண்டுக்குப் போறதுக்குள்ள என் சின்னவன் இடுப்புல ஏறிட்டான், மத்தியானம் 12 மணிக்கு மேல வெயில்ல எந்த மிருகமும் எந்திரிக்கவும் இல்ல, நாங்களும் நிக்க முடியல. ஆறு வயசுப் பையன் எத்தன தூரம் நடப்பான், சொல்லுங்க.

தாம்பரம்_வாசி:
அதுக்குத்தான் பேட்டரி வண்டி இருக்கே, வாடகை சைக்கிளும் இருக்கு, என் பொண்ணு போன வருஷம் சைக்கிள்லயே சுத்துனா, அவளுக்கு சிங்கத்த விட அந்த சைக்கிள்தான் சந்தோஷம். மத்தியானம் மிருகம் தூங்குறது எல்லா ஜூவுலயும்தான், மைசூர் சிங்கம் மட்டும் 12 மணிக்கு எந்திரிச்சு உக்காருமா? காலைல கேட் திறக்கும்போதே போனா வண்டலூரும் அருமையா இருக்கும். இன்னொன்னு, நம்ம மேற்குத் தொடர்ச்சி மலைல மட்டுமே இருக்குற சோலைமந்திய வண்டலூர்ல இனப்பெருக்கம் பண்ணிக் காப்பாத்துறாங்க, கறுப்பு உடம்பு, மூஞ்சிய சுத்தி வெள்ளைப் பிடரி. நம்ம மலைக் குரங்கையே தெரியாத பிள்ளைக்கு மைசூர்ல இருக்குற ஆப்பிரிக்கா கொரில்லாவக் காட்டி என்ன ஆகப்போகுது? நான் கோவப்பட்டு சொல்லல, மனசார சொல்றேன்.

மைசூர்_மருமகள்:
சோலைமந்தி காட்டணும்ங்கறதுல எனக்கும் சம்மதம்தான். ஆனா கொரில்லாவ அப்படித் தள்ளாதீங்க. இங்க போலோன்னு ஒரு கொரில்லா பல வருஷம் துணையே இல்லாம தனியா இருந்துச்சு, நான் கல்யாணமாகி வந்த புதுசுல அது ஒரு மூலைல உக்காந்து கைய மடிச்சு வச்சிட்டு ஜனங்களையே பார்த்துட்டு இருக்கும், எனக்கு அழுகையே வந்துச்சு. 2014ல செத்துப்போச்சு. அப்புறம் 2021ல ஜெர்மனில இருந்து தாபோ, டெம்பான்னு அண்ணன் தம்பி ரெண்டு ஆண் கொரில்லா வந்தது, புது இடம் கட்டி விட்டாங்க. பெரியவன் எங்க போனாலும் சின்னது பின்னாடியே போகும். என் பையன் கண்ணாடி பக்கத்துல ஒரு மணி நேரம் நின்னான், கூப்பிட்டாலும் வரல. ஒரு மிருகத்துக்கும் துணை வேணும்னு நான் வாயால சொல்லித்தர வேண்டியிருக்கல.

இசிஆர்_சைக்கிள்:
நடுவுல ஒரு யோசனை. சென்னைப் பக்கம் வர்றதா இருந்தா ஜூவுல ரெண்டு நாளையும் போடாதீங்க. ஒரு நாள் வண்டலூர், அடுத்த நாள் வடநெம்மேலி முதலைப் பண்ணை, இசிஆர்ல மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் முன்னாடி. 1976ல ராமுலஸ் விட்டேக்கர் ஆரம்பிச்சது. சின்ன இடம், அம்மாவுக்கு நடை கம்மி. உள்ளயே இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கு, 1978ல தொடங்குனது, பாம்புல விஷம் எடுக்கறத நேர்ல காட்டுவாங்க, அந்த விஷத்துல இருந்துதான் பாம்புக்கடி மருந்து தயாராகுது. தொழில் தெரிஞ்ச ஒரு மனுஷன் நாகப்பாம்பக் கையாள்றத பக்கத்துல பார்க்குறதுக்கு சமமா எந்த ஜூவுலயும் எதுவும் கிடையாது. திங்கக்கிழமை லீவு, அத மட்டும் பார்த்துக்கோங்க.

மைசூர்_மருமகள்:
முதலைப் பண்ணை நல்ல இடம்தான், மறுக்கல. ஆனா மாசம் என்னன்னு யாராவது பார்த்தீங்களா? நவம்பர். சென்னைல அடைமழை காலம். காத்தழுத்தம்னு நியூஸ் வந்தா ரெண்டு நாளும் ரூம்ல உக்காந்து டிவிதான் பார்க்கணும். 2016 டிசம்பர்ல வர்தா புயல்ல வண்டலூர்ல ஆயிரக்கணக்குல மரம் சாஞ்சு பூங்காவையே மூடி வச்சாங்க. இவருக்கு வருஷத்துக்கு ரெண்டே நாளு, அத வானத்த நம்பி வைக்கச் சொல்றது எனக்கு சரியாப் படல.

தாம்பரம்_வாசி:
எல்லா நவம்பரும் புயல் வராது. ஆனா மழை விஷயத்துல நீங்க சொல்றது நியாயம், ஒத்துக்கறேன், அந்த சனி ஞாயிறு மழைன்னு தெரிஞ்சா நானே வராதீங்கன்னு சொல்லுவேன். ஈரோட்டுல இருந்து மைசூர் போற வழில இருக்குற திம்பம் மலைய மறந்துட்டீங்களே ஆனா, 27 கொண்டை ஊசி வளைவு, பசங்களுக்கு வாந்தி, அம்மாவுக்கு தலைசுத்தல், அதுக்கு ரயில்ல படுத்துட்டு வர்றது எவ்ளோ சுகம்.

காட்டுப்பாதை:
சத்தியமங்கலத்துக்காரன், திம்பம் பத்தி நான் சொல்றேன். 2022ல இருந்து ராத்திரி வண்டி போக்குவரத்துக்குத் தடை, புலிகள் காப்பகம்ங்கறதால, அடிபட்டு சாகுற மிருகத்த நாங்க கண்ணால பார்த்திருக்கோம், அதனால அந்தத் தடை ரொம்ப சரி. கார்னா ராத்திரி 9க்குள்ள தாண்டிடணும், இல்லைன்னா காலைல 6 வரைக்கும் நிக்கணும். ஈரோட்டுல 4 மணிக்குக் கிளம்புனா செக்போஸ்ட் கேட் திறக்கும்போது மலையடிவாரத்துல பண்ணாரில இருப்பீங்க, அம்மன் கும்பிட்டுட்டு ஏறுங்க. அந்த நேரத்துல மலைமேல மானு, குரங்கு, அதிர்ஷ்டம் இருந்தா ஆனையே ரோட்டோரம் நிக்கும், தயவுசெஞ்சு வண்டிய நிறுத்தி இறங்காதீங்க, தீனியும் போடாதீங்க. இதெல்லாம் பேசுறீங்க, ஆனா பிள்ளைங்களுக்கு என்ன பார்க்கணும்னு யாராவது கேட்டீங்களா? அந்தப் பொண்ணுக்கு 9 வயசு, அதுக்கும் ஒரு விருப்பம் இருக்குமில்ல.

ஈரோடு_ஜவுளி:
எல்லாருக்கும் நன்றிங்க. காட்டுப்பாதை அண்ணன் கேட்டது சுருக்குன்னு பட்டுச்சு, நெசமாவே நான் கேக்கவே இல்ல. ராத்திரி சாப்பிடறப்ப கேட்டேன். பையன் ஒட்டகச்சிவிங்கின்னான், கழுத்து நிஜமாவே அத்தன நீளமான்னு பார்க்கணுமாம். பொண்ணு இந்தப் பேச்சையெல்லாம் என் போன்ல படிச்சிருக்குது, அந்த அண்ணன் தம்பி கொரில்லாவப் பார்க்கணும்ங்குது. அம்மா அரண்மனைய ஒரு தடவ கண்ணால பார்த்துட்டாப் போதும்ங்கறாங்க.

மைசூர்_மருமகள்:
ஒட்டகச்சிவிங்கி இங்க கூட்டமாவே இருக்கு அண்ணா, நுழைஞ்ச கொஞ்ச நேரத்துலயே பார்த்துருவான். சனிக்கிழமை வந்து ரெஸ்ட் எடுங்க, சாயந்திரம் ஜூவுக்குப் பக்கத்துலயே காரஞ்சி ஏரி, அம்மா உக்காந்துக்கலாம். ஞாயிறு காலைல 8.30க்கு ஜூ திறக்கும்போதே உள்ள போயிருங்க, அம்மாவுக்கு பேட்டரி வண்டிக்கு முதல்லயே சொல்லி வச்சிருங்க, 12க்குள்ள முடிச்சிரலாம். அரண்மனைல ஞாயித்துக்கிழமை ராத்திரி 7 மணிக்கு விளக்கு போடுவாங்க, கிட்டத்தட்ட லட்சம் பல்பு ஒரே நேரத்துல எரியும், அம்மா அத விட்டுறக்கூடாது.

காட்டுப்பாதை:
அங்கதான் சிக்கல். 7 மணி விளக்கப் பார்த்துட்டுக் கிளம்புனா 9க்குள்ள திம்பம் வரவே முடியாது. ஒண்ணு விளக்க விடணும், இல்ல ஞாயிறு ராத்திரி தங்கணும்.

தாம்பரம்_வாசி:
தங்கிருங்க. நான் இன்னும் வண்டலூர் கட்சிதான், மனசு மாறல. ஆனா குழந்தைக்கு ஒட்டகச்சிவிங்கிதான் வேணும்னா அதுக்கு மேல நான் பேச மாட்டேன். சந்தை திங்க ராத்திரிதானே, காலைல கிளம்புனா மத்தியானம் ஈரோடு. ஸ்கூல் ஒரு நாள் லீவு போட்டா ஒண்ணும் ஆயிராது. ஜனவரில மழை விட்டப்புறம் வண்டலூருக்கு வாங்க, நான் ஸ்டேஷனுக்கே வந்து கூட்டிட்டுப் போறேன், சோலைமந்திய உங்க பொண்ணுக்கு நானே காட்டுறேன். செவ்வாய்க்கிழமை மட்டும் வராதீங்க, வண்டலூரும் லீவு, மைசூரும் லீவு.

ஈரோடு_ஜவுளி:
மைசூர்லயே ரெண்டு ராத்திரிக்கும் ரூம் போட்டாச்சுங்க. திங்கக்கெழமைக்கு பொண்ணே லீவ் லெட்டர் எழுதிட்டா, காரணம்னு இருக்குற எடத்துல "கொரில்லா பார்க்கப் போகிறோம்"னு எழுதியிருக்கறா, அத மாத்தச் சொல்ல எனக்கு மனசு வரல. தாம்பரம் தம்பி, ஜனவரில கண்டிப்பா வர்றோமுங்க, பொங்கல் சரக்கு கைமாறுனதும் தேதி சொல்றேன்.